பிளஸ் ஒன்னைத் தொலைத்துவிட்டுத் திரையைப் பழிக்கிறோம்

ஜேஇஇ மெயின் தேர்வைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது கணினியில்தான் போய் நிற்கிறது. "எல்லாமே கம்ப்யூட்டர்லதான் எழுதணுமாமே, எங்க பிள்ளைக்கு அதுல பழக்கமே இல்லையே" என்கிறார்கள் பெற்றோர். "பயப்படாதீங்க, எங்க டெஸ்ட் சீரிஸ்ல சேத்து விடுங்க, தினம் ஒரு மாக் டெஸ்ட் எழுதினா தானா வந்துடும்" என்கிறது கோச்சிங் மையம். கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளிலும் ஆசிரியர் அறைகளிலும் இதே கருத்துதான் வேறுவேறு சொற்களில் ஓடுகிறது. கணினித் தேர்வு தனி வித்தையாம். அந்த வித்தை கைவராததால்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தமிழ்வழிப் பிள்ளைகளும் பின்தங்குகிறார்களாம். திரைமுன் கூடுதல் நேரம் உட்கார வைத்தால் முன்னுக்கு வந்துவிடுவார்களாம்.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். இது பிள்ளைகளின் இரண்டு ஆண்டு உழைப்பைத் தவறான இடத்தில் கொட்ட வைக்கிறது. பள்ளிகள் செய்யாமல் விட்ட வேலையை யார் கண்ணிலும் படாமல் மறைக்கிறது. பிள்ளை தோற்றால், கணினி பழகாததுதான் காரணம் என்று பழியை அதன் விரல்நுனியில் போடுகிறது.

தேர்வறையில் கணினி என்னதான் கேட்கிறது? மூன்று மணி நேரம், 75 கேள்விகள், 300 மதிப்பெண். கணிதம், இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் 20 கேள்விகளுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து மவுஸால் சொடுக்க வேண்டும். மீதி 5 கேள்விகளுக்கு விடை ஓர் எண். அதையும் திரையில் தெரியும் எண்பலகையில் மவுஸாலேயே தட்டலாம். தட்டச்சு தெரிய வேண்டியதில்லை. கேள்வி எண்கள் ஓரத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். பதிலளித்தது பச்சை, பார்த்துவிட்டு விட்டது சிவப்பு, பிறகு பார்க்கலாம் என்று குறித்தது ஊதா. விடையைத் தேர்ந்துவிட்டு, கூடவே பிறகு பார்க்கவும் குறித்துவைத்தால் அந்த விடையும் திருத்தத்தில் சேரும். நேரம் முடிந்ததும் கணினியே சமர்ப்பித்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு சனி, ஞாயிறு போதும். தேசியத் தேர்வு முகமையே இதே வடிவில் மாதிரித் தேர்வுகளைத் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இந்த இரண்டு நாள் வேலையைத்தான் இரண்டு ஆண்டுப் பயிற்சியாக நீட்டிக் காசு வாங்குகிறார்கள்.

திரையால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. வித்தியாசம் உண்டு, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015, 2016 ஆண்டுகளில் ஒரே தேர்வைச் சில பள்ளிகள் தாளிலும் சில பள்ளிகள் கணினியிலும் நடத்தின. கணினியில் எழுதிய பிள்ளைகள் கணிதத்தில் கொஞ்சமும் ஆங்கிலத்தில் அதைவிடக் கூடுதலாகவும் மதிப்பெண் இழந்ததை பேக்கஸ், கோவன் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். மாக் டெஸ்ட் விற்பவர் இத்துடன் நிறுத்திக்கொள்வார். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே அந்த இழப்பு பெருமளவு சுருங்கிவிட்டதையும் அதே ஆய்வு காட்டியது. முதல் தடவை தடுமாற்றம் இருக்கும், பழகினால் பெருமளவு குறைந்துவிடும். அந்தத் தடுமாற்றத்தைக் காட்டி ஒரு பிள்ளையின் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் திரைக்கு எழுதிக்கொடுக்க நியாயம் எங்கே இருக்கிறது?

கணினிதான் தடை என்பவர்கள் நீட் தேர்வைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் நீட்டையும் கணினிக்கு மாற்றப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. கிராமப்புறப் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்று சுகாதார அமைச்சகம் சொன்னதும் அடுத்த மாதமே பின்வாங்கியது. தமிழகத்தில் 2017-இல் நீட் வந்தபோதும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் பிள்ளைகள் பேனாவால் ஓஎம்ஆர் தாளில் வட்டங்களை நிரப்பித்தான் எழுதினார்கள். மவுஸ் இல்லை, திரை இல்லை. அப்படியிருந்தும் மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழியில் படித்தவர்களின் பங்கு செங்குத்தாகச் சரிந்தது. 2021-இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கை அதைப் பதிவுசெய்தது. அதற்கு முன்பே 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்துதான் அவர்களைக் கல்லூரிக்குள் சேர்க்க முடிந்தது. கணினியே இல்லாத தேர்விலும் அதே பிள்ளைகள்தான் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அப்படியானால் தடை வேறெங்கோ இருக்கிறது. (இத்தகைய நுழைவுத் தேர்வுகளே வேண்டுமா என்பது பெரிய விவாதம், அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆனால் என்ஐடியில் படிக்க ஆசைப்பட்டு விண்ணப்பித்துவிட்ட பிள்ளை, அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.)

அடுத்து, தினம் ஒரு மாக் டெஸ்ட் என்கிற மந்திரம். தேர்வெழுதினால் நினைவு வலுப்படும் என்று அறிவியலே சொல்கிறதே என்பார்கள். சொல்கிறதுதான். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் எல்லோரும் அறிந்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவுகூர்ந்தார்கள்; படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவுகூர்ந்தார்கள். அங்கே சோதிக்கப்பட்டது, ஏற்கெனவே படித்த ஒரு பகுதி. நம் பிள்ளைகளை உட்கார வைப்பதோ இன்னும் நடத்தப்படாத பாடங்களிலிருந்து கேட்கப்படும் மூன்று மணி நேரத் தேர்வில். சுழற்சி இயக்கத்தில் திருப்புவிசை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை, அதிலிருந்து வரும் கேள்வியைப் பத்து மாக் டெஸ்டில் பார்த்தாலும் பத்து தடவை யூகிக்கத்தான் செய்யும். நாற்று வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கிற வேலை இது.

அந்த மூன்று மணி நேரத்தோடு முடிவதும் இல்லை. எழுதியதும் அறிக்கை வரும். துல்லியம் இத்தனை சதவீதம், ஒரு கேள்விக்கு ஆன நேரம் இத்தனை விநாடி, உங்கள் பர்சென்டைல் இது என்று வண்ண வண்ணமாக வரைபடங்கள். இந்த பர்சென்டைல்தான் பிள்ளைகளை அதிகம் நசுக்குகிறது. உண்மைத் தேர்வில் பர்சென்டைல் என்பதற்குத் தெளிவான பொருள் உண்டு. உங்கள் ஷிஃப்டில் எழுதியவர்களில் உங்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதே அது; ஏழு தசம இடம்வரை கணக்கிடுகிறார்கள். 2025 ஜனவரியில் அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். ஒரு தனியார் டெஸ்ட் சீரிஸின் பர்சென்டைல், அந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டி அன்று உட்கார்ந்து எழுதியவர்களுக்குள் கணக்கிடப்படுவது. அவர்களில் பலர் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இதற்காகத் தயாராகிறவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் 40 என்று வந்ததைப் பார்த்து "நமக்கு இது வராது" என்று தீர்மானித்துவிட்ட பிள்ளைகள் உண்டு. நாடு முழுவதும் எழுதுகிற கூட்டத்தில் தன் இடம் எது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றை எண்ணாக்கி, அதைக் காட்டி அடுத்த பேக்கேஜை விற்பதைப் பயிற்சி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வேகம் பற்றிய பேச்சும் இதோடு சேர்ந்ததே. திரையில் வேகம் வேண்டும், 75-ஐயும் தொட்டுவிட வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டுகிறார்கள். சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. இப்போது எண் விடைகளிலும் தவறுக்குக் கழிவு உண்டு. ஒரு பிள்ளை 40 கேள்விகளை மட்டும் நிதானமாகச் செய்து 34 சரி, 6 தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 136-இல் 6 போக 130. இன்னொரு பிள்ளை 75-ஐயும் பாய்ந்து பாய்ந்து தொட்டு 41 சரி, 34 தவறு. 164-இல் 34 போக அதே 130. முதல் பிள்ளைக்கு ஒரு கேள்விக்கு நாலரை நிமிடம் கிடைத்திருக்கிறது, இரண்டாம் பிள்ளைக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. இருவரும் சம மதிப்பெண்ணில் நின்றால் தரவரிசையைப் பிரிக்கும் விதிகளில் ஒன்று, சரியான விடைகளோடு ஒப்பிடுகையில் தவறான விடைகள் யாருக்குக் குறைவு என்று பார்க்கிறது. 40 கேள்விக்கான பாடத்தை முழுசாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தத் தேர்வில் இடமுண்டு. கிராமத்துப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார்களா?

கணினித் தேர்வுக்கென்று தனியாகப் பழக வேண்டியது ஒன்று உண்மையிலேயே உண்டு. அது திரையில் நடப்பதில்லை, திரைக்கு இந்தப் பக்கம் மேசைமேல் கிடக்கும் ரஃப் ஷீட்டில் நடக்கிறது. தேர்வறையில் வெள்ளைத் தாள் தருவார்கள். பெயரும் பதிவெண்ணும் எழுதி, போகும்போது அதைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கேள்வித்தாள் கையில் இருந்தால் படத்தின் மேலேயே விசைகளை வரைவோம், தரவுகளுக்கு அடிக்கோடு போடுவோம், தவறான விடையை அடித்துவிடுவோம். திரையில் இது எதுவும் முடியாது. சாய்தளத்தில் கட்டை வழுக்குகிற படத்தைத் தாளில் திரும்ப வரைய வேண்டும். எண்களைக் கண்ணால் பார்த்துக் கையால் இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது ஒரு கழித்தல் குறி விழுந்துவிடும், பத்தின் அடுக்கு மாறிவிடும், சென்டிமீட்டர் மீட்டராகிவிடும். பாடம் தெரிந்த பிள்ளை கணினியில் இழக்கும் மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. திரை வாசிப்பையும் தாள் வாசிப்பையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வும், தாளுக்கு இருந்த சிறு சாதகம் நேர நெருக்கடியில் கூடுவதைச் சொன்னது. ஆகவே கேள்வியைத் திரையில் ஒருமுறை நிதானமாகப் படித்து, தேவையானதை ஒழுங்காகத் தாளில் இறக்கி, அதன்பின் கணக்கைத் தாளிலேயே செய்யும் பழக்கம் வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்குச் செலவு கிடையாது. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனித்தனியாக, விடைக்குறிப்போடு தேர்வு முகமை வெளியிடுகிறது. ஒரு தாளை அப்பாவின் செல்போனிலோ பள்ளிக் கணினியிலோ திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நோட்டைப் போட்டு, அன்று படித்து முடித்த அத்தியாயத்தின் கேள்விகளை மட்டும் பொறுக்கிச் செய்ய வேண்டும். கேள்வி எண்ணைப் போட்டு, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து எழுதப் பழகினால் மறுபடி வந்து சரிபார்க்கும்போது தேட வேண்டியிருக்காது. தவறிய கணக்கு எந்த வரியில் தவறியது என்று சிவப்பு மையில் குறிக்க வேண்டும். பாடம் முழுதும் முடிந்தபின், கடைசி இரண்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு எழுதலாம். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்காரும் தெம்புக்கு அது உதவும். மாக் டெஸ்டுக்கு நான் கொடுக்கும் இடம் அவ்வளவுதான்.

பாடம் முழுதும் முடிந்தபின் என்றேன். முடிகிறதா என்பதுதான் கேள்வி. தமிழகத்தில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இல் சட்டப்படி ஒழிந்த பிறகு, பொறியியல் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்கு அதில் வேலையே இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு நன்மை செய்த அந்த நல்ல முடிவை லாபக் கணக்கு போட்ட பல தனியார் பள்ளிகள் தமக்கேற்ப வளைத்துக்கொண்டன. பிளஸ் ஒன் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ போர்ஷனையே திரும்பத் திரும்ப ஓட்டின. அரசுப் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் இளைப்பாறும் ஆண்டாக மாறிப்போன இடங்கள் உண்டு. இதை நிறுத்தத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டது; 2025-26 முதல் அது இல்லை.

பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வரிசையாக மூன்று பொதுத்தேர்வு வைப்பது கொடுமைதான். அதை எடுத்ததை நான் குறை சொல்லவில்லை. எடுத்த இடத்தில் என்ன வைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஜேஇஇ மெயினின் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். இயக்கவியல், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைவுகள் எல்லாம் இயற்பியலில் அந்த ஆண்டுக்குரியவை. மோல் கணக்கும் வேதிப் பிணைப்பும் தெரியாமல் வேதியியலில் எதுவும் நகராது. முக்கோணவியலும் ஈருறுப்புத் தேற்றமும் கணிதத்தில் அப்படித்தான். பிளஸ் டூவில் வரும் மின்னியல்கூட விசை, ஆற்றல், வேலை என்பவை மனதில் இறங்கியிருந்தால்தான் பிடிபடும். பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்த பிள்ளை தேர்வறையில் கணினிமுன் உட்காரும்போது பாதித் தேர்வு அதற்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மவுஸை எத்தனை லாவகமாக நகர்த்தினாலும் அந்தப் பாதி திரும்பி வராது.

புத்தகத்தின் பின்னால் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளை விடையோடு மனப்பாடம் செய்யும் வழக்கமும் இதற்குத் துணை போகிறது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்வது இரண்டு தேர்வுகளிலும் இருப்பதால், இதுவும் அதே மாதிரிதான் என்று பிள்ளைகளும் ஆசிரியர்களும் நம்பிவிடுகிறார்கள். ஜேஇஇயின் ஒரு கேள்வி இரண்டு அத்தியாயங்களைக் கோத்துக் கேட்கும். அதன் நான்கு விடைகளில் மூன்று, பிள்ளை வழக்கமாகச் செய்யக்கூடிய தவறுகளைச் செய்தால் வந்து சேரும் எண்களாகவே இருக்கும். இதை எதிர்கொள்ளக் கணக்கை முழு வரிகளில் எழுதிப் பழகிய கை வேண்டும். அந்தக் கையை உருவாக்குவது வகுப்பறைக் கரும்பலகைதான்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2021 முதல் ஜேஇஇ மெயின் தமிழிலும் வருகிறது. ஆங்கிலம் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. தமிழைத் தேர்ந்தால் ஆங்கில வடிவமும் கூடவே கிடைக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று விதி. ஆகவே தமிழில் படிக்கிற பிள்ளை கேள்வியை இரண்டு மொழியிலும் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். திருப்புவிசை, நிலைமத் திருப்புத்திறன் போன்ற சொற்களுக்கு ஆங்கில இணைகளை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். பிளஸ் ஒன் முதல் வாரத்திலிருந்து ஆசிரியர் இதைச் செய்ய வைக்கலாம். இது சின்ன வேலை, பலன் பெரிது. டேப்லெட் கொடுப்பதைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தேர்வின் வடிவம் நிலையானது என்று நம்பித்தான் இத்தனை பணமும் திரைப் பயிற்சியில் கொட்டப்படுகிறது. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வு 2022-இல் கணினியில் தொடங்கியது. அந்த ஆண்டே தொழில்நுட்பக் கோளாறால் பல மையங்களில் தேர்வு ரத்தானது. 2024-இல் சில பாடங்களைத் தாளுக்கு மாற்றினார்கள், 2025-இல் மீண்டும் முழுவதும் கணினிக்கே வந்தார்கள். ஜேஇஇ மெயினே 2018 வரை தாள், கணினி இரண்டையும் தந்தது. பெரும்பாலோர் தாளைத்தான் தேர்ந்தார்கள். வடிவம் இப்படி மாறிக்கொண்டேயிருக்க, நியூட்டனின் விதிகள் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கேட்கப்படுகின்றன.

அரசின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,000-க்கும் மேற்பட்டவற்றில் ஹைடெக் லேப் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அதை மாக் டெஸ்ட் கூடமாக மாற்றச் சொல்லி வரும் கோரிக்கைகளுக்குக் கல்வித்துறை இணங்கக் கூடாது. பிளஸ் டூ அரையாண்டுக்குப் பிறகு, விண்ணப்பித்த பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமை அங்கே உட்கார்ந்து தேர்வு முகமையின் இலவச மாதிரித் தேர்வை எழுதினால் திரைக்கான பயிற்சி முடிந்துவிடும். மற்ற நாட்களில் அந்தக் கணினிகள் அத்தியாயவாரியாக முந்தைய கேள்விகளைத் திறந்து காட்டட்டும், பிள்ளைகள் நோட்டில் செய்யட்டும். ஆய்வுக்கு வரும் கல்வி அலுவலர், லேப் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைக் கேட்பதற்கு முன், பிளஸ் ஒன் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, ஈர்ப்பியல் எந்த மாதம் நடத்தப்பட்டது என்று கேட்கட்டும்.

பெற்றோருக்கும் இதையே சொல்வேன். பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் சேர்க்கப் போகும்போது, தனியார் பள்ளியோ அரசுப் பள்ளியோ, கணினிகள் எத்தனை என்று கேட்க வேண்டாம். சென்ற ஆண்டு பிளஸ் ஒன் முடித்த யாராவது ஒரு பிள்ளையின் இயற்பியல் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எத்தனை அத்தியாயத்துக்குக் கணக்கு போடப்பட்டிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். நோட்டே இல்லை என்றால் வேறு பள்ளி தேடுங்கள்.